ஜாலிஸ்டாருக்கு வைத்த சந்தனப் பொட்டு

அரசு அலுவலகங்களில் அசலுக்கு இருக்கும் மதிப்பு ஆளுக்குக் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே மேசையைத் தூக்கி ரோட்டில் வைத்துவிடுவார்கள். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே எங்கோ ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு நீலக் குடை, குடைக்குக் கீழே நாகராஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "ஒரிஜினல் இருக்கா?" என்பதுதான். அப்பனைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டே ஒருவன் வந்தாலும், மூக்கைச் சிந்த அரை நிமிஷம் கொடுத்துவிட்டு அதைத்தான் கேட்பேன். ஜெராக்ஸ் என்ற பொருளை நான் மதித்ததே இல்லை. இந்தப் புத்திதான் என் அக்கா முத்துத்தாயின் பன்னிரண்டு ஏக்கர் நெல்லுக்கு உலை வைத்தது.

அக்காவுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கிடையாது. நாலு ஏக்கர்தான், அதுவும் கரிசல், மானாவாரி. ஊர் எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம். பெயரைச் சொன்னால் அந்த ஊர் வி.ஏ.ஓ. அடுத்த சான்றிதழுக்கு என்னை அலையவிடுவார், ஆகவே அதையும் விட்டுவிடுங்கள். மக்காச்சோளம், உளுந்து, பருத்தி என்று வானத்தைப் பார்த்தே ஐம்பத்து நாலு வயசாகிவிட்டது அவளுக்கு. போன வருஷம் மக்காச்சோளம் முட்டளவு வளர்ந்து நின்ற இடத்திலேயே கருகிப்போனது. அதற்கான நிவாரண மனுவை நான்தான் எழுதினேன். அது மேற்படி அலுவலகத்தில் தீவிரப் பரிசீலனையில் இருந்தது. தீவிரப் பரிசீலனை என்றால் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆடி மாசம் காட்டுக்கு எருக்குப்பை லோடு அடித்தபோது டிராக்டரிலிருந்து வழுக்கி விழுந்து அக்காவுக்குக் கால் முறிந்தது. மூணு மாசம் மாவுக்கட்டு. அருப்புக்கோட்டையில் எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ ஒரு மொபைல் கடை வாசலில் நின்றது. கடை ஃபைசலுடையது. துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவன். மொபைல், ரிமோட், வீடியோ கேம் எல்லாம் விற்பான், ரிப்பேரும் பார்ப்பான். உள்ளே பெரிய டிவியில் பச்சைப் பசேல் என்று நெல் வயல், அதன் மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏலே நாகராஜு, அது எந்த ஊரு?"

"ஊரு இல்லக்கா. கேமு."

"மழை பெய்யுதே."

"கேம்லதான் பெய்யுது."

"அங்கயாச்சும் பெய்யுதே" என்றாள் அக்கா. ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் கண்ணை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்தே பழகாதவளை மூணு மாசம் கட்டிலில் எப்படி வைப்பது என்று நானும் கவலையில்தான் இருந்தேன். சரி, வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று இறங்கினேன்.

ஃபைசல் நல்ல பையன். உண்மையைத்தான் சொன்னான்.

"அண்ணே, பழைய கேம் பெட்டி ஒண்ணு இருக்கு. 'பச்சைவயல்' கேமைக் காப்பி போட்டுத் தாரேன். ஒரு தொல்லையும் இருக்காது."

"காப்பியா?" என்றேன். என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸே எழுந்து நின்றது. "யாருகிட்ட வந்து என்ன பேசுற? எவனோ ராப்பகலா உக்காந்து செஞ்ச பொருளைக் காசு குடுக்காம எடுக்குறது திருட்டு. ஒரிஜினல்தான் வேணும்."

"ஒரிஜினல்ல தொல்லை ஜாஸ்திண்ணே."

"ஒரிஜினல்ல தொல்லையா? தங்கம் கறுக்கும்கிறியே!"

கம்பெனிக்கே ஆர்டர் போட்டு, என் பெயரில், என் போன் நம்பரில், அசல் ஜாலிஸ்டார் பெட்டியும் அசல் 'பச்சைவயல்' கேமும் வரவழைத்தேன். பில்லை லேமினேஷன் போட்டு வைத்தேன்.

இனி அந்தப் பெட்டியின் குணநலன்களைக் கேளுங்கள்.

ஆன் செய்ததும் ஒரு படம் ஓடும். கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் ஒரு வீட்டுச் சுவரேறிக் குதிப்பான். "விளையாட்டைத் திருடுவதும் வீட்டைத் திருடுவதும் ஒன்றே" என்று ஒரு குரல் அதட்டும். ஐந்து நிமிஷம். தள்ளிவிட முடியாது. அது முடிந்ததும் திரையில் சுத்தமான தமிழில் வரும்: "தாங்கள் திருடர் அல்லர் என்பதை உறுதிப்படுத்துக." உறுதிப்படுத்த ஆறு எண் வேண்டும். அந்த எண் என் போனுக்கு வரும். காலை ஆறரைக்கு நான் ஷேர் ஆட்டோவில் வரும்போது அக்கா கூப்பிடுவாள். நான் எண்ணைக் கத்துவேன். கொஞ்ச நாளில் ஆட்டோவில் கூட வருகிறவர்களே, "என்ன நாகராஜு, இன்னைக்கு உங்கக்கா திருடி இல்லைன்னு நம்பர் வந்துருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏலே, காசு குடுத்து வாங்குனவகட்டயே தெனமும் திருடனான்னு கேக்குதே" என்றாள் அக்கா. "களவாண்டவன் வீட்டுல போயி யாரும் கேக்க மாட்டாகளாக்கும்?"

"அவுக ஒரிஜினல் பெட்டி வச்சிருந்தாத்தானக்கா கேக்க முடியும்? கேக்குறதுக்கு நம்மதான் ஆப்புட்டோம்" என்றேன். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கே பட்டது. ஆனாலும் நாம் சட்டப்படி நடக்கிற ஆள்.

தொல்லை இருந்ததே ஒழிய, அக்கா அந்த வயலில் உயிரையே வைத்துவிட்டாள். 'பச்சைவயல்' ஒரு தினுசான கேம். நம் காலண்டர்ப்படியேதான் பயிர் வளரும். இன்றைக்கு விதைத்தால் தொண்ணூறு நாள் கழித்துத்தான் அறுக்கலாம். விளைந்த பிறகு ஏழு நாளைக்குள் அறுக்க வேண்டும். தவறினால் அத்தனையும் உதிர்ந்து, வயல் பொட்டல் ஆகிவிடும்.

"நம்ம கரிசக் காட்டுக்குப் புரட்டாசிப் பட்டந்தான்" என்றாள் அக்கா. "ஆனா வாய்க்கா பாயுற ஊருக்கு ஆடிப்பட்டம்." ஆடி முடிவதற்குள் பன்னிரண்டு ஏக்கரிலும் நெல் போட்டுவிட்டாள். பிறந்த ஊரிலும் நெல் கிடையாது, வாக்கப்பட்ட ஊரிலும் கிடையாது. நெல்லை நாத்தாகப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு தினமும் மடை திறந்துவிட்டாள், களை எடுத்தாள், வயலில் இறங்கிய வெள்ளைக்காரப் பசுமாட்டை "ஏய், போ அங்கிட்டு, மூதேவி" என்று விரட்டினாள். தெருப் பெண்கள் சாயங்காலம் வந்து, "மதினி, இன்னைக்கு மழை உண்டா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கதிர் தலை சாய்ந்தது.

ஆயுத பூஜை அன்றைக்குப் பயிர் முற்றி, திரையில் மணி அடித்தது. வேறு யாராக இருந்தாலும் உடனே அறுத்திருப்பார்கள். அக்கா அறுக்கவில்லை.

"ஆயுத பூசை அன்னைக்கு அருவாளைத் தொடுவாகளாலே? நாளைக்கு அறுப்போம். ஏழு நாளு கெடக்குல்ல."

மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்தி, மருந்து அடிக்கிற டேங்க் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தாள். கூடவே ஜாலிஸ்டாரையும் வைத்தாள். மூணு மாசமாக அதுதானே அவள் ஏர்? எல்லாவற்றுக்கும் திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்தாள். பெட்டியின் முகத்தில் நட்டநடுவே பளபளவென்று ஒரு வட்டம், பொட்டு வைக்கவென்றே விட்டமாதிரி இருந்தது. அதில் பெரிய சந்தனப் பொட்டாக வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள். நானும் பக்கத்தில் நின்று சூடம் தொட்டுக் கும்பிட்டேன். பெட்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் போன் வந்தது. "ஏலே, செவப்பா என்னமோ எழுதியிருக்கு, ஓடியா."

திரை முழுக்கச் சிவப்பு. "அனுமதியற்ற மாற்றம் கண்டறியப்பட்டது. இச்சாதனம் பூட்டப்பட்டது." அந்தப் பளபள வட்டம்தான் பெட்டியை யாராவது நோண்டுகிறார்களா என்று பார்க்கிற கண்ணாம். அக்கா பதறிப்போய் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தாள். உடனே அடுத்த வரி வந்தது: "தடயத்தை அழிக்கும் முயற்சி பதிவு செய்யப்பட்டது."

"அய்யய்யோ, பன்னெண்டு ஏக்கருலே!" என்று அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "கருகிப் போயிருந்தாக்கூட மனசு ஆறிரும். வெளைஞ்சு நிக்கையில பூட்டிட்டானே பாவி!"

கம்பெனிக்குப் போன் போட்டேன். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு, ஜெகதீஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். நல்ல தமிழ்.

"சாதனத்தில் என்ன பொருள் இணைக்கப்பட்டது சார்?"

"இணைக்கலம்மா. பொட்டு வச்சோம். சந்தனம்."

"என் பட்டியல்ல சிப், ஒயர், சாலிடர், மற்றவைன்னு நாலுதான் சார் இருக்கு. மற்றவைன்னு போட்டுக்கறேன். என்ன நோக்கத்துக்காக வச்சீங்க?"

"நல்லா ஓடணும்னுதான்."

"அதாவது, செயல்திறனைக் கூட்டுறதுக்காக."

"ஆமா... இல்லம்மா, சாமிக்கு..."

"செயல்திறனைக் கூட்டும் நோக்கத்தோடு வெளிப்பொருள் இணைக்கப்பட்டதுன்னு பதிவாயிருச்சு சார். வேற ஏதாவது வச்சீங்களா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஒரு எலுமிச்சம்பழம்" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகை வெகுநேரம் தட்டப்பட்டது. "எலுமிச்சையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும்னு எங்க தொழில்நுட்பப் பிரிவு சொல்றாங்க சார். வெளி மின்சாரம் கொடுக்க முயற்சின்னு சேர்த்துக்கறேன்."

"ஏம்மா, உங்க வீட்டுல ஆயுத பூசை கும்பிடுறது இல்லையா?"

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது சார்" என்றாள் ஜெகதீஸ்வரி. குரல் கொஞ்சம் தழைந்துதான் இருந்தது.

பூட்டைத் திறக்க ஒரே வழிதான். சாதனம் இன்ன இடத்தில், இன்னாரிடம், நேர்மையான பயன்பாட்டில் உள்ளது என்று அரசு அலுவலர் ஒருவரிடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். எனக்குப் போன உயிர் வந்தது. சான்றிதழா? மீனுக்கு நீச்சல் பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு விஜயதசமி லீவு. மறுநாள் அக்கா ஊர் வி.ஏ.ஓ. முன்னால் மனுவோடு நின்றேன், வெள்ளத்துரை சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"பெட்டிக்கெல்லாம் சான்று குடுக்க ஜி.ஓ. இல்லையே நாகராஜு. நான் நிலத்துக்குத்தான் குடுக்க முடியும்."

"அதுக்குள்ள நிலந்தான் சார் இருக்கு. பன்னெண்டு ஏக்கர்."

அவர் நிமிர்ந்தார். "நஞ்சையா, புஞ்சையா?"

"நஞ்சை சார். வாய்க்காப் பாசனம்."

"பயிரு?"

"நெல்லு. வெளைஞ்சு நிக்கி."

"அப்படிச் சொல்லு! சாகுபடிச் சான்று குடுக்கலாமே. ஆனா ஸ்தலத்தைப் பார்வையிடணும். பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

"பூட்டிக் கெடக்கு சார்."

"பூட்டிக் கெடக்கிற நிலத்தை எப்படிப்பா பாக்க?"

அவர் கேட்டது நியாயம்தான். யோசித்து யோசித்து, மறுநாள் அவரை ஃபைசல் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே காப்பி போட்ட பெட்டியில் அதே 'பச்சைவயல்', சுவரேறிக் குதிக்கிற படம் இல்லாமல், ஆறு எண் கேட்காமல், அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஃபைசல் மனசாட்சி உள்ளவன், முதலிலேயே சொல்லிவிட்டான்.

"சார், இது முத்துத்தாய் அக்கா வயல் இல்ல. வேற வயலு."

"மாதிரிக்கு ஒண்ணு பாத்தாப் போதும் தம்பி" என்றார் வெள்ளத்துரை. "பயிர்க் காப்பீட்டுக்கே அப்படித்தான் பாக்கோம்."

வயலைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். "இந்த டிராக்டர் ஓடுமா?" என்று கேட்டு ஓட்டியும் பார்த்தார். ஸ்தலப் பார்வை ஒன்றரை மணி நேரம் நடந்தது. கிராமத்துக்குள் கால் வைக்காமல் மூணு வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதர், ஒரு வயலையும் விடாமல் சுற்றி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் மனசே இல்லாமல் எழுந்து, மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் ஏற்றி, கையெழுத்தும் போட்டுச் சான்று கொடுத்தார். "மேற்படி முத்துத்தாய் என்பவர் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை நிலத்தில் நெல் சாகுபடி செய்து, அமோக விளைச்சலில் உள்ளதை நேரில் கண்டறிந்தேன்." இதைவிடத் தங்கமான சான்று உண்டா? போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

ஆறாம் நாள் மத்தியானம் ஜெகதீஸ்வரியே கூப்பிட்டாள்.

"சார், நீங்க அனுப்பினது நகல்."

"படம் பிடிச்சு அனுப்பச் சொன்னதே நீங்கதானம்மா!"

"ஆமா சார். படம் பிடிச்சா அது நகல்தானே? நகல்களை ஏற்பதில்லைங்கறது எங்க நிறுவனத்தோட அடிப்படைக் கொள்கை. ஒரிஜினல் இருக்கா சார்?"

வேப்பமரத்தடியில் என் மேசைக்கு முன்னால் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். முதலில் நின்ற பெரியவரிடம் ஒரு நிமிஷம் முன்னால்தான் நான் அதே கேள்வியைக் கேட்டு, அவர் மஞ்சள் பையைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒரிஜினலைத் தபால்ல அனுப்புனா எத்தனை நாளும்மா ஆகும்?"

"பதினஞ்சு வேலை நாள். அறுப்பு எப்ப முடியணும் சார்?"

"நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணி."

"எனக்கும் காரியாபட்டிதான் சார்" என்றாள் ஜெகதீஸ்வரி. "இந்த அழைப்பு பதிவாகுது. அதனால பொதுவா ஒண்ணு கேக்கறேன். அருப்புக்கோட்டையில நல்ல மொபைல் கடை எதுவும் இருக்கா சார்?"

நான் போனை வைத்துவிட்டேன். சட்டம் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். முடிவெடுக்கிற வேலையை அக்கா எனக்கு வைக்கவில்லை. முந்தின வாரம்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள். ஏழாம் நாள் மத்தியானம் கம்பை ஊன்றிக்கொண்டு, பெட்டியைச் சேலைத்துணியில் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவளே ஆட்டோ பிடித்து ஃபைசல் கடைக்கு வந்துவிட்டாள். என்னையும் போன் போட்டு வரச்சொன்னாள்.

"தம்பி, இதைத் தெறக்க முடியுமா?"

"அஞ்சு நிமிச வேலைக்கா."

"யக்கா, அது கள்ளத்தனம்" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "என் பெட்டி. என் வயலு. நான் வெதைச்ச நெல்லு. இதுல எதுலே களவு?"

ஃபைசல் பெட்டியைத் திறந்து, விரல்நகம் அளவுக்கு ஒரு சாமானை உள்ளே வைத்து மூடினான். "அண்ணே, இந்தப் பெட்டிக்கு நீ திருடனான்னு கேக்கத்தான் தெரியும். பதில் சொல்றது யாருன்னு பாக்கத் தெரியாது. இனி இதுவே கேட்டுக்கிடும், இதுவே இல்லைன்னு சொல்லிக்கிடும்."

டிவியில் வயல் வந்தது. பன்னிரண்டு ஏக்கரும் பொன்னாக நின்றது. அக்கா வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். கடைக்கு ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் நாலு பேர் நின்று பார்க்க, ஐந்தே முக்காலுக்குக் கடைசி வயலையும் அறுத்து முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஃபைசல் எல்லோருக்கும் டீ சொன்னான்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் சாதனத்தைத் தொலைவிலிருந்து ஆய்வு செய்ததில், அது முற்றிலும் அசல் என்றும், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாமதமின்றி நேர்மையாகப் பதிலளிக்கிறது என்றும் கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் எங்கள் முன்மாதிரி வாடிக்கையாளர்." அதையும் லேமினேஷன் போட்டேன். வேறு என்ன செய்ய?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

கார்த்திகையில் நிவாரணப் பட்டியல் ஒட்டினார்கள். போன வருஷம் மக்காச்சோளம் கருகினவர்கள் பெயரெல்லாம் இருந்தது. அக்கா பெயரும் இருந்தது, மேலே ஒரு சிவப்புக் கோட்டோடு. பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார்கள்: "மனுதாரர் பன்னிரண்டு ஏக்கர் நஞ்சையில் நெல் சாகுபடி செய்து அமோக விளைச்சல் கண்டுவரும் பெருவிவசாயி. நிவாரணத்துக்குத் தகுதியற்றவர்."

வெள்ளத்துரை சாரிடம் ஓடினோம்.

"சார், அது கேமுன்னு உங்களுக்கே தெரியுமே! நீங்கதான டிராக்டர் ஓட்டுனீங்க?"

"எனக்குத் தெரியும்ப்பா. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே. அதுல ஏத்தத்தான் எனக்குப் பவர், எறக்கப் பவர் இல்ல."

"என் நாலு ஏக்கரு கருகுனது உண்மைதானய்யா?" என்றாள் அக்கா. "நீங்க ஒரு நாளு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"உண்மைக்கு இதுல கட்டம் இல்லம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "ஒண்ணு செய்யுங்க. அந்தப் பன்னெண்டு ஏக்கரையும் வித்துட்டதா ஒரு பத்திரம் கொண்டாங்க. பழையபடி சிறு விவசாயின்னு போட்டுருதேன். நகலே போதும்."

திரும்பி வரும் வழியில் ஃபைசல் கடையில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. அக்கா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ஏந்தம்பி, அந்த ஆபீஸு பூட்டைத் தெறக்கவும் அதுமாதிரி சின்னச் சாமான் எதுவும் இருக்கா?"

"இருக்குக்கா" என்றான் ஃபைசல். "இருவத்திரெண்டு வருசமா வாசல்ல வேப்பமரத்தடியில மேசை போட்டு உக்காந்திருக்கு. ஆபீஸு என்ன கேட்டாலும், கேட்ட பதிலை எழுதிக் குடுத்துரும்."

நான் அவனை முறைத்தேன். டிவியில் எவனுடைய வயலிலோ மழை பெய்துகொண்டிருந்தது. நான் பையைத் திறந்து முழுநீள வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கடை மேசையில் விரித்து, கிரயப் பத்திரம் என்று தலைப்பு எழுதினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எழுதுறதுதான் எழுதுற, ஒரிஜினல் மாதிரியே இருக்கட்டும்லே" என்றாள்.